ஆமை தின்ற அரக்கு நூல்

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, வெற்றிலை கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே நூல் முனை நீட்டிக்கொண்டிருந்தாலும் பிடித்து இழுத்துவிடுவார். பஸ்ஸில் முன் சீட்டு ஆளின் காலரில் பிசிறு தெரிந்தால் போதும், இறங்குவதற்குள் அதை எடுத்துவிடுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா தோளில் தொங்கிய பட்டு நூலை இழுக்கப்போய், அந்த அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கு வேர்த்துவிட்டது.

"கை தானா போச்சுமே" என்றார்.

"கை தானா போனா, பின்னாடியே காலும் வெளிய போவணும். வாங்க" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பந்தியில் உட்காராமல் நான் திரும்பிய கல்யாணம் அது ஒன்றுதான். அன்றைக்கு ஜாங்கிரி போட்டார்களாம்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறி இருக்கிற எந்த வீட்டிலும் இப்படித்தான். பாவில், தறியில் நீளமாகக் கட்டிய நூலில், ஓர் இழை அறுந்தால் கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் போய்விடும். முனையைத் தேடி, இழுத்து, சாம்பல் தொட்டு முறுக்கி ஒட்டிய பிறகுதான் மூச்சே வரும். தொங்குகிற நூலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பழக்கம் ஒரு நாள் எங்கள் பெண்ணின் ஆமை மேல் போய் விழுந்தது.

பெண்ணை ஐயம்பேட்டையில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஒரு மழை நாளில், ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஆமையை லாரிச் சக்கரத்துக்கு முன்னால் பாய்ந்து தூக்கி, சவாரிகளின் காலடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கருப்பு ஓடு, அதன் மேல் கோலம் போட்ட மாதிரி மஞ்சள் கோடு. அவர்கள் கொல்லையில் ஒரு செம்பருத்திச் செடி உண்டு. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் மாப்பிள்ளை ஒரு பூவைப் பறித்து ஆமைக்கு முன்னால் வைப்பார். அது கழுத்தை நீட்டி வாய் முழுக்கச் சிவப்பாகத் தின்பதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். பெண் பக்கத்தில் டீ டம்ளரோடு நிற்பாள். நான் அங்கே போய்த் தங்கிய நாட்களில் பார்த்திருக்கிறேன்.

அந்த மாப்பிள்ளை ஒரு நாள் மத்தியானம் மார் வலிக்கிறது என்று வண்டியை நிறுத்திவிட்டு வந்து படுத்தார். எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து பெண் எங்கள் வீட்டுக்கு வந்தபோது தோளில் ஒரு பை, இடுப்பில் சோறு கொட்டி வைக்கிற ஓர் அலுமினிய அன்னக்கூடை. கூடைக்குள் ஆமை. எதிர் வீட்டு அம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, ஆமய போயி வூட்டுக்குள்ள இட்டாந்துக்கினு? வூட்டுக்கு ஆவாதுக்கா."

"ஆவாததெல்லாம் ஆயி முடிஞ்சப்புறம்தான்மா இது வந்துருக்குது. பாவம், மெதுவா நடக்கற ஜென்மம். லேட்டாயிடுச்சி" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். நானும் உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு வாய் கேலி பேசிக்கொண்டிருந்தால்தான் கண் சும்மா இருக்கும்.

பெண் பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். சோறு விஷயத்தில் மட்டும் ஒன்றைக் கவனித்தேன். காலையில் ஆமைக்குக் கீரையோ பூவோ வைப்பாள். அது தின்றால் இவளும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு உட்காருவாள். அது ஓட்டுக்குள் தலையை வைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தால், இவளும் ஒரு மூலையில் கிடப்பாள். வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து விடிந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த ஆமையின் வாயைத்தான். சாமிக்கு வைத்த செம்பருத்தியைக்கூட எடுத்துப் போட்டிருக்கிறேன். காமாட்சி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

"சும்மா குந்திக்கினு இருந்தா மனசு கெட்டுப்பூடும் பாப்பா. கோர்வைக்கு வா" என்று அவள் அப்பா ஒரு நாள் கூப்பிட்டார்.

எங்கள் புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். அந்தக் கரைக்கு ஊடையை, அதாவது குறுக்கு நூலை, ஓட்டத் தனியாக நூல் சுற்றிய ஒரு நாடாக் கட்டை, தனியாக ஓர் ஆள் வேண்டும். தறிக்காரர் உடம்பு நாடாவைத் தள்ள, பக்கத்தில் உட்கார்ந்தவர் கரை நாடாவைத் தள்ள, இரண்டு நிறமும் ஓர் இடத்தில் கைகோத்துக்கொள்ளும். அதுதான் கோர்வை. ஒருவர் கைக்காக இன்னொருவர் கை காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் செய்த வேலைதான். வந்து உட்கார்ந்தாள். அப்போது தறியில் இருந்தது நீலப் புடவை, அரக்குச் சிவப்புக் கரை. அப்பாவும் பெண்ணும் நாள் முழுக்கத் தோளோடு தோளாக உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு மட்டும் கிடையாது. தறிச் சத்தம்தான்.

தறி நடந்தால் தரையில் நூல் விழும். முடிச்சுப் போட்டு நறுக்கிய முனை, அறுந்த துண்டு, நாடாவுக்குள் இருக்கிற தாரில் தீர்ந்த மிச்சம். அவர் பக்கம் நீலம், அவள் பக்கம் சிவப்பு. ஆமையும் அவள் எங்கே இருக்கிறாளோ அங்கேதான் இருக்கும்.

ஒரு நாள் பார்த்தால் அதன் வாயோரம் சிவப்பாகத் தெரிந்தது. "இன்னாடி, ஒன் ஆமை வெத்தல போட ஆரம்பிச்சிடுச்சா?" என்றேன். அவள் குனிந்து பார்த்தவள் நாடாவைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். வெற்றிலை இல்லை, அரக்கு நூல். பாதி வாய்க்குள், பாதி வெளியே. அவள் மெதுவாக எடுத்துவிட்டாள். நீல நூலை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்பாகச் சுருண்டு கிடப்பதெல்லாம் செம்பருத்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை கொடுத்த பழக்கம். அதை அவள் எதிரில் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆமைக் காவல்தான் பெரிய வேலை. துடைப்பத்தால் பெருக்கினால் பட்டு நூல் வராது. தரையோடு ஒட்டிக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். தறி அறை வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை வைத்தோம். ஓட்டால் முட்டி முட்டிச் சாய்த்துவிட்டது. பழைய தறியின் படமரத்தை, நெய்த புடவையைச் சுருட்டுகிற அந்தக் கனத்த கட்டையை, உருட்டிக்கொண்டுவந்து போட்டோம். அதைச் சாய்க்க முடியவில்லை. நாள் முழுக்கக் கட்டையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்கப் பெண்ணின் கை தடுமாறி, கரையில் இழை விட்டுப்போனது. அவரே எழுந்து கட்டையை நகர்த்தினார். ஒரு தடவை அது, தறிக்கு அடியில் கால் வைக்கிற குழிக்குள் விழுந்து அவர் காலடியில் தூங்கிவிட்டது. மிதிக்கட்டை என்று நினைத்து அதன் மேல் காலை வைத்து அமுக்கியிருக்கிறார்.

"இன்னாமே, மிதி எறங்கமாட்டேங்குது?" என்று குழிக்குள்ளிருந்து கேட்டார்.

"எறங்காது. அதுக்குத் தல ஒன்னு இருக்குது. ஒங்க மிதிக்குத்தான் தல கெடையாது" என்றேன்.

பெண்ணின் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா என்று பார்ப்பதற்குள் போய்விட்டது.

எதிர் வீட்டு அம்மாள் ஓட்டில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டச் சொன்னாள். பெண் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்த அம்மாள் ஒரு மாதம் எங்கள் பக்கம் வரவில்லை. அதுவும் ஒரு நிம்மதிதான்.

கடைசியில், காலையில் வயிறு முட்டப் பூவும் பூசணிக்காயும் கொடுத்துவிட்டால் நூல் பக்கம் போகாது என்று ஒரு வழி கண்டோம். அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அன்று தரையை நன்றாகத் துடைத்துவிட்டு அதை வீடு முழுக்கத் திரிய விடுவோம். மற்ற நாட்களில் ஆளுக்கொரு கண் வைத்திருப்போம். மூன்று பேர் கண் போதாதா என்று நினைத்தேன். போதவில்லை.

அன்று காலை பெண் குளிக்கப் போயிருந்தாள். நான் அடுப்படியில். அவர் தறியில் ஏறப்போனவர், வழியில் ஆமையைப் பார்த்திருக்கிறார். அது முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. வாலுக்கு அடியில் ஓர் அரக்கு நூல், விரல் நீளத்துக்கு, தரையில் இழுபட்டுக்கொண்டு போகிறது.

அவர் குனிந்தார். இழுத்தார்.

நான் எட்டிப் பார்த்தபோது நூல் ஒரு சாண் வந்திருந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் இழுத்தார். காஞ்சிபுரத்துப் பட்டு முறுக்கிய இழை, லேசில் அறுந்து தொலையாது. அதைத்தான் நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆமை நாலு காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கல்லாகிவிட்டது. தரையில் ஒரு சொட்டு ரத்தம்.

"உடுங்க" என்றேன். அவர் விட்டார். கை அப்படியே நின்றது. திரும்பினால் ஈரத் தலையோடு பெண் நிற்கிறாள்.

கத்தவில்லை. அழவில்லை. அன்னக்கூடையை எடுத்து, ஒரு துணியை விரித்து, ஆமையை வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம்.

மாட்டு ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு கறவை மாடு, இரண்டு ஆடு. டாக்டரம்மாள் சின்ன வயது. ஆமையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யாரு இழுத்தது?"

"நான்தாம்மா" என்றார் அவர். நூற்றுக்கணக்கான புடவை நெய்த மனுஷர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பாவாடை நாடாவ ஒரு பக்கம் இழுத்தா துணி எப்டி சுருங்கும்? உள்ள குடல் அப்டித்தாங்க சுருங்கும். நூலு வெட்டிக்கினு உள்ள போயிடும்." திட்டவில்லை, சொன்னாள். நூலைப் பற்றிச் சொன்னால் அவருக்கு யாரும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை.

வெளியே தெரிந்த நூலை நறுக்கினாள். வாயில் மருந்து விட்டாள். "காலைல சாயங்காலம் வெதுவெதுன்னு தண்ணில ஒக்கார வைங்க. தலை முழுகாம பாத்துக்கோங்க. திரும்ப முனை தெரிஞ்சாலும் தொடாதீங்க. தானா வரணும். வரலன்னா மெட்ராஸ் கொண்டுபோயி கிழிச்சுத்தான் எடுக்கணும். இது தாங்குமான்னு சொல்ல முடியாது."

பிறகு பெண்ணைப் பார்த்து, "இன்னொன்னும் சொல்லணும். இந்த ஜாதி ஆமைய வீட்ல வெச்சுக்கக்கூடாதும்மா, சட்டம் இருக்கு. மொதல்ல பொழைக்கட்டும். அப்புறம் பாரஸ்ட் ஆபீஸ்ல கொண்டுபோயி குடுத்துடுங்க" என்றாள். பெண் தலையாட்டவில்லை.

"டாக்டரம்மா, அது தின்னலன்னா?" என்று நான் கேட்டேன். நான் கேட்டது ஆமையைப் பற்றி மட்டும் இல்லை.

"கொஞ்ச நாளு தின்னாதுதான் ஆயா. தாங்கும்."

ஆமை தாங்கும். அது ஓட்டுக்குள் என்னவோ சேர்த்து வைத்திருக்கும். என் பெண்ணுக்கு என்ன இருந்தது? கன்னத்து எலும்பு ஏற்கனவே தெரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் தறியில் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. எங்கள் வீட்டுத் தறி நின்றால் தெருவில் எல்லாருக்கும் தெரியும். "அமாவாச கூட இல்லியே, இன்னா ஆச்சி?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். அவர் ஈரத் துணியோடு மண்டி போட்டுக்கொண்டு தறி அறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தறிக்கு அடியில், குழிக்குள், செங்கல் சந்தில். ஒவ்வொரு சிவப்பு முனையாக நகத்தால் கிள்ளி எடுத்து ஒரு டப்பாவில் போட்டார்.

"வூட்டுல தொடைக்கற துணி எங்க இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிதா ஒங்களுக்கு?" என்றேன். எப்போதும் ஏதாவது திருப்பிச் சொல்வார். அன்று துணியைப் பிழிந்துவிட்டு அடுத்த சந்துக்கு நகர்ந்தார்.

காலையிலும் சாயங்காலமும் வெந்நீர் வைப்பதும் அவர்தான். முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார், இந்தப் பெண் பிறந்தபோது பார்த்த மாதிரியே. கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்வார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆமையைத் தண்ணீரில் உட்கார வைத்து, தாடையை விரலில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது எதையும் தின்னவில்லை. இவளுக்கு நான் கஞ்சி கரைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாள். இன்னொரு வாய் குடி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் வந்த நாளிலிருந்து நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கிண்டல் பண்ணிப் பார்ப்பேன், கெஞ்சிப் பார்ப்பேன், ஒரு வார்த்தை வெளியே தெரிந்தால் பிடித்துக்கொண்டு, அப்புறம் அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவளும் உடனே கையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொள்வாள். டாக்டரம்மாள் அவருக்குச் சொன்னதை நானும்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தக் கஞ்சி டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த அமாவாசை வந்தது. தெரு முழுக்கச் சத்தமில்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து ஒரு குரல்.

"நைனா."

அரிசியை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். அவர் எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அன்னக்கூடைத் தண்ணீரில் ஆமை உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் தண்ணீரில் சிவப்பாக ஒரு முனை ஆடிக்கொண்டிருந்தது.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையின் மணிக்கட்டை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற எனக்கு விரல் வெளுத்தது தெரிந்தது. மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். நூல் கொஞ்சம் நீண்டது. நின்றது. ஆமை காலை ஒரு தடவை உதைத்தது. இன்னும் கொஞ்சம் வந்தது. என் ஆயுசில் நூலைப் பார்த்து அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததில்லை. எனக்கே விரல் துடித்தது. பிறகு பாசி மாதிரி ஒரு சுருள், சாணியும் நூலுமாக, தண்ணீரில் விழுந்து பிரிந்தது. அதன் பின்னால் எதுவும் வரவில்லை.

பெண் திரும்பி அவரைப் பார்த்தாள். பின்னால் கட்டியிருந்த கையைப் பார்த்தாள்.

"கைய உடு நைனா. வந்துடுச்சி."

அவர் விட்டார். மணிக்கட்டில் அவருடைய விரல் தடமே பதிந்திருந்தது. அவள் எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. நான் போய்ப் பூசணிக்காய் நறுக்கினேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

சாயங்காலம் ஆமை ஒரு துண்டு தின்றது. அவளும் தின்றாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அது நன்றாகத் தேறட்டும் என்று விட்டோம். தறி ஓட ஆரம்பித்தது. தரையில் மறுபடியும் சிவப்பு விழ ஆரம்பித்தது. அவர் வேலை முடிந்ததும் துடைத்தார், ஆனாலும் விழுந்தது. ஒரு நாள் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள். "நைனா, இத குடுத்துடலாம்."

"நான்தான் தொடைக்கறனே பாப்பா. சுத்தி மரச்சட்டம் அடிச்சி..."

"வேணாம் நைனா. இந்த வூட்டுல நூலு இல்லாத எடம் எங்க இருக்குது?"

அது போய்விட்டால் காலையில் இவள் எதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவாள்? கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை.

பாரஸ்ட் ஆபீசில் ஒரு பெரியவர் இருந்தார். முதலில் கொஞ்சம் கோபித்துக்கொண்டார், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கொஞ்ச நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, இதே ஜாதி ஆமைகள் இருக்கிற காட்டில் கொண்டுபோய் விடுவோம் என்றார். அன்னக்கூடையை வாங்கக் கை நீட்டினார். பெண் கொடுக்காமல் நின்றாள்.

"சார், அங்க யாருனா தறி போட்டுக்கினு இருக்காங்களா?"

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "காட்டுல யாரும்மா தறி போடுவாங்க?"

"அப்ப சரி" என்று கூடையைக் கொடுத்தாள். ஒரு செம்பருத்தியை மடியிலிருந்து எடுத்து உள்ளே வைத்தாள். அவள் கேட்டது நிஜமான கேள்வியா, என்னைப் போல வாயால் கண்ணை அடைத்துக்கொண்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து சமைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பு. அவளே மூன்று தட்டு எடுத்து வைத்தாள். மூலையில் ஆமைக்குத் தண்ணீர் வைக்கிற கூரை ஓட்டுச் சில்லு அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். அவர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா" என்றாள். வாயில் சோறு இருந்தது. "கொழம்புல உப்பு பத்தல."

உப்பு சரியாகத்தான் போட்டிருந்தேன். எழுந்து போய் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து வைத்தேன்.